தக்காளி போடலாமா, வேண்டாமா?

(இந்தப் பகுதியின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களைக் குறைத்து, வாசிக்க ஏற்றபடி லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன ஞாயித்துக்கிழமை காலையில எங்கப்பா போன் பண்ணினார். வழக்கமா சாப்பிட்டியா, எப்ப ஊருக்கு வர்ற, இந்த ரெண்டு கேள்வியோட முடிஞ்சுடும். அன்னிக்கு மூணாவதா ஒண்ணு கேட்டார்.

"கண்ணு, நாத்துக்குச் சொல்லி வெக்கோணும். தக்காளி போடலாமா, வேண்டாமா? நீ கம்ப்யூட்டர்லதான் நாள் பூரா இருக்கியே. பாத்துச் சொல்லு."

நான் சரவணம்பட்டில ஒரு ஐடி கம்பெனியில டேட்டா அனலிஸ்ட். அதாவது எண்களைப் பார்த்து அடுத்த மாசம் என்ன நடக்கும்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கப்பா அன்னூர் பக்கத்துல விவசாயி. ஒண்ணரை ஏக்கர்ல காய்கறி, கொஞ்சம் வாழை. அவர் முப்பது வருஷத்துல முதல் தடவையா என் வேலை சம்பந்தமா ஒரு கேள்வி கேட்டிருக்கார். "பாத்துச் சொல்றேனுங்ப்பா"ன்னு சொல்லி போனை வெச்சேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் அந்தக் கேள்வியோடதான் இருந்தேன். இந்த எபிசோட் அந்த ஒரு வாரக் கதை.

கோயம்புத்தூர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், அன்னூரும் சரவணம்பட்டியும் ஒரே ரோட்டுலதான். சத்தி ரோடு. அன்னூர்ல ஏத்தின தக்காளி ராத்திரி டெம்போவுல கோவில்பாளையம், சரவணம்பட்டி தாண்டி கோவை மண்டிக்குப் போகும். விடிஞ்சதும் அதே தக்காளி மண்டியில இருந்து கிளம்பி, சரவணம்பட்டி சூப்பர் மார்க்கெட்டுக்குத் திரும்பி வரும். நான் தங்கியிருக்கிற அப்பார்ட்மென்ட் வாசலை அது ரெண்டு தடவை தாண்டுது. போறப்ப ஒரு விலை, வர்றப்ப ஒரு விலை.

ஒரு சிட்டையோட கணக்கு

2023 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையில தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போச்சு. வாட்ஸப் முழுக்க தக்காளி மீம்ஸ். தமிழ்நாடு அரசு சென்னையில 82 ரேஷன் கடைகள்ல கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி வித்தது. அந்த மாசம் நாட்டோட சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். காய்கறி விலை மட்டும் முந்தின வருஷ ஜூலையை விட 37 சதவீதம் அதிகம். டிவியில ராத்திரி விவாதம் கூட நடந்துச்சு.

அந்த ஜூலையில எங்க காட்டுல ஒரு தக்காளிச் செடி கூட இல்லை. ரெண்டு காடு தள்ளி ஒருத்தர்கிட்ட இருந்தது. அவர் வாரம் மூணு தடவை பெட்டி ஏத்தறதை ஊரே வேடிக்கை பார்த்துச்சு. எங்கப்பாவும் பார்த்தார். பார்த்துட்டு என்ன பண்ணினார்? நாத்துக்குச் சொன்னார். அவர் மட்டுமா? ஊர்ல பாதிப் பேர் சொன்னாங்க.

தக்காளியோட காலக் கணக்கு இதுதான். குழித்தட்டுல நாத்து வளர 25 நாள். நட்டதுக்கு அப்புறம் 65, 70 நாள்ல முதல் பறிப்பு. அதாவது விலையைப் பார்த்து இன்னிக்கு முடிவு எடுத்தா, காய் கைக்கு வர மூணு மாசம். ஜூலையில பார்த்த விலைக்கு அக்டோபர்லதான் பதில் சொல்ல முடியும்.

அக்டோபர்ல ஒரு நாள் நான் ஊர்ல இருந்தேன். அன்னிக்கு மண்டியில இருந்து வந்த சிட்டையை அப்பா என்கிட்ட குடுத்து, "இதைக் கூட்டிப் பாரு"ன்னார். அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என் பர்ஸ்ல இருக்கு. படிக்கிறேன், கேளுங்க.

40 பெட்டி. ஒரு பெட்டி 15 கிலோ, ஆக மொத்தம் 600 கிலோ. ஏலத்துல பெட்டி 120 ரூபாய்க்குப் போயிருக்கு. கிலோவுக்கு 8 ரூபாய். மொத்தம் 4,800. இதுல மண்டி கமிஷன் பத்து சதவீதம், 480. டெம்போ வாடகை பெட்டிக்கு 25 வீதம் 1,000. இறக்குக் கூலி பெட்டிக்கு 5 வீதம் 200. கையில வந்தது 3,120 ரூபாய்.

அதோட முடியலை. பறிக்க ஏழு பேர் வந்தாங்க, ஆளுக்கு 400 ரூபாய் கூலி. 2,800. அதைக் கழிச்சா மிச்சம் 320.

600 கிலோ தக்காளிக்கு 320 ரூபாய். இதுல நாத்து, மல்ச்சிங் ஷீட், குச்சி, கயிறு, உரம், மருந்து எதுவும் இன்னும் கழிக்கலை. அந்த வெள்ளாமைக்கு முதல் போட்டது ஒன்றேகால் லட்சம்.

அடுத்த நாள் சரவணம்பட்டிக்கு வந்து கடையில பார்த்தேன். தக்காளி கிலோ 24.

ரோட்டுல ஏன் கொட்டறாங்க?

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். விவசாயிங்க தக்காளியை ரோட்டுல கொட்டற வீடியோ வருஷம் ஒரு தடவையாவது உங்க போனுக்கு வரும். கீழே கமென்ட்ல, "வீணாக்கறதுக்கு இல்லாதவங்களுக்குக் குடுக்கலாமே"ன்னு யாராவது எழுதியிருப்பாங்க. நானும் காலேஜ் படிக்கிறப்ப அப்படித்தான் நினைச்சேன்.

அதே சிட்டையை வெச்சு இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டி பறிக்க 70 ரூபாய், டெம்போ 25, இறக்க 5. ஆக 100 ரூபாய். இதுக்கு மேல கமிஷன். அப்படின்னா பெட்டி கிட்டத்தட்ட 111 ரூபாய்க்குப் போனாத்தான் பறிச்ச செலவும் கொண்டு போன செலவும் சரியாகும். 110க்குப் போச்சுன்னா, பறிக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கையில இருந்து காசு போகுது. நிறையப் பறிச்சா நிறைய நஷ்டம்.

அந்த விலைக்குக் கீழே போனதும் செடியிலயே விட்டுடறதுதான் கணக்குப்படி சரி. ஏற்கெனவே பறிச்சு மண்டிக்குக் கொண்டு வந்து, கேக்க ஆள் இல்லைன்னா, திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகவும் வாடகை வேணும். வீட்டுக்கு வந்து என்ன பண்றது? மாடு எவ்வளவு தின்னும்? அங்கேயே கவுத்துட்டு காலிப் பெட்டியோட வர்றாங்க. கோபம் இல்லாம இல்லை. ஆனா கோபத்துக்கு முன்னாடி கணக்கு இருக்கு. எங்கப்பா அந்த வருஷம் கடைசி மூணு பறிப்பைப் பறிக்கவே இல்லை. டிராக்டர் விட்டு உழுதுட்டார். பழுத்த தக்காளி மேல டிராக்டர் போனா எங்க காடு நாலு நாளைக்குப் புளிச்ச வாடை அடிக்கும். அம்மா அந்தப் பக்கம் போகவே இல்லை.

பன்றியும் சிலந்தி வலையும்

ஜூலையில ஆகாசம், அக்டோபர்ல பாதாளம். யாராவது சதி பண்றாங்களா? அப்படி நினைக்கத் தோணும். ஆனா சதியே இல்லாமலும் இது நடக்கும்னு பொருளாதாரத்துல ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க.

1928ல ஜெர்மனியில ஆர்தர் ஹனாவ்னு ஒருத்தர் பன்றி விலையை ஆராய்ச்சி பண்ணினார். விலை ஏறினா எல்லாரும் குட்டி வாங்கி வளர்க்கறாங்க. அது வளர்ந்து சந்தைக்கு வர்றப்ப எல்லாரோடதும் ஒண்ணா வருது, விலை விழுது. விழுந்த விலையைப் பார்த்து எல்லாரும் வளர்ப்பைக் குறைக்கறாங்க. அடுத்த சுத்துல பன்றி கிடைக்காம விலை ஏறுது. 1934ல நிக்கோலஸ் கால்டர்ங்கிற பொருளாதார அறிஞர் இதுக்கு ஒரு பேர் வெச்சார். சிலந்தி வலைக் கோட்பாடு. விலையையும் உற்பத்தியையும் கட்டம் போட்டு வரைஞ்சா, கோடு சுத்திச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வரும்.

கால்டர் சொன்னதோட சாரம் சுலபம். முடிவு எடுக்கிற நாளும் சரக்கு வர்ற நாளும் வேற வேற. நடுவுல இருக்கிற காலத்துல மத்தவங்க என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கும் உங்களைப் பத்தித் தெரியாது. எல்லாரும் ஒரே விலையைப் பார்த்து, ஒரே முடிவை, ஒரே வாரத்துல எடுக்கறாங்க. தனித்தனியா பார்த்தா ஒவ்வொருத்தர் முடிவும் சரிதான். சேர்ந்து வர்றப்ப எல்லாருக்கும் அடி.

இதுக்கு மேல தக்காளிக்கு இன்னொரு பிரச்சினை. அது காத்திருக்காது. ஈரோட்டு மஞ்சளை வருஷக்கணக்குல வெச்சு விக்கறாங்க. பல்லடம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு ரெண்டு மூணு மாசம் காப்பாத்தறாங்க. பருத்தின்னா ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஏலம் விடலாம், விலை கட்டுப்படியாகலைன்னா வெச்சு அப்புறம் விக்கலாம். தமிழ்நாட்டோட முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936ல திருப்பூர்ல பருத்திக்காகத்தான் வந்துச்சு. நெல், கோதுமை, பருப்பு, பருத்தின்னு 22 பயிருக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை சொல்லுது. அந்தப் பட்டியல்ல ஒரு காய்கறி கூட இல்லை.

செடியில சிவந்த தக்காளி ரெண்டு நாள்ல பறிச்சாகணும், பறிச்சா அன்னிக்கே போயாகணும். இது மண்டியில எல்லாருக்கும் தெரியும். "வேண்டாம், நாளைக்கு விக்கிறேன்"னு சொல்ல முடியாதவன் எந்தப் பேரத்துலயும் ஜெயிக்க மாட்டான்.

மூணுல ஒரு பங்கு

சரி, 8 ரூபாய்க்குப் போனது 24 ரூபாய்க்கு வந்துச்சே, நடுவுல 16 ரூபாய் யார் தின்னாங்க?

2024ல ரிசர்வ் வங்கி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுச்சு. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூணையும் எடுத்து, நாம குடுக்கிற ஒரு ரூபாயில விவசாயிக்கு எவ்வளவு போகுதுன்னு பார்த்தாங்க. தக்காளிக்கு 33 பைசா, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. எங்க சிட்டையில 24க்கு 8. அச்சு அசலா மூணுல ஒரு பங்கு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா எங்க அப்பா "சராசரி விவசாயி"ங்கிறதுக்கு இதை விடச் சான்று வேண்டாம்.

இதைக் கேட்டதும் "இடைத்தரகர் கொள்ளை"ன்னு ஒரு வார்த்தை வாயில வரும். எனக்கும் வரும். ஆனா அப்பாகிட்ட அப்படிச் சொல்ல முடியாது. நான் காலேஜ் சேர்ந்தப்ப பீஸ் கட்டக் கடைசி நாள். பேங்க்ல நகைக் கடனுக்கு வரிசையில நின்னு கிடைக்கலை. சாயங்காலம் மண்டிக்காரர் போன் பண்ணி, "ஏனுங்ண்ணா, புள்ளை படிப்புக்கு யோசிக்காதீங்க, வந்து வாங்கிட்டுப் போங்க"ன்னார். வட்டி இல்லை, கையெழுத்து இல்லை. ஆனா அதுக்கப்புறம் மூணு வருஷம் எங்க சரக்கு வேற எந்த மண்டிக்கும் போகலை. போக முடியாது. அவர் கெட்டவர் இல்லை. ஆனா நாங்க வேற கடையில விலை கேக்கிற உரிமையை ஒரு செமஸ்டர் பீஸுக்கு வித்துட்டோம், அவ்வளவுதான்.

அந்த 16 ரூபாயும் ஒருத்தர் பைக்குள்ள போகலை. மண்டியில எடுக்கிற வியாபாரி, சுமை தூக்கறவங்க, சின்ன வண்டி, கடை வாடகை, கடைப் பையன் சம்பளம், கரண்ட் பில், நசுங்கிப் போனது, அழுகிப் போனது. பறிப்பில இருந்து கடை வரைக்கும் நூறு கிலோ தக்காளியில 12 கிலோ வரைக்கும் சேதாரம்னு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட அறுவடைப் பின்சார் ஆய்வு சொல்லுது. அந்த 12 கிலோ விலையையும் மிச்ச 88 கிலோ சுமக்கணும்.

இதுல எனக்குப் புரியவே நாலு நாள் ஆன ஒரு விஷயம் இருக்கு. இந்தச் செலவெல்லாம் கிலோவுக்கு இவ்வளவுன்னு இருக்கு. தக்காளி விலை குறைஞ்சா டீசல் விலை குறையாது, கடை வாடகை குறையாது. உதாரணத்துக்கு, நடுவுல இருக்கிற அந்த 16 ரூபாய் அப்படியே இருக்குன்னு வெச்சுக்கோங்க. கடையில விலை 24ல இருந்து 20 ஆகுது. நமக்கு ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, "பரவாயில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கு"ன்னு சொல்லுவோம். அதே நேரம் விவசாயிக்கு 8 ரூபாய் 4 ரூபாயா ஆகுது. பாதி போச்சு. நமக்கு நாலு ரூபாய் இறக்கம், அவருக்கு ரோட்டுல கொட்டற நிலைமை. ரெண்டும் ஒரே நாள், ஒரே தக்காளி.

தக்காளி நூறு ரூபாய் ஆனா நாட்டுக்கே தெரியுது. எட்டு ரூபாய் ஆனா யாருக்கும் தெரியாததுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

"உழவர் சந்தைக்குப் போலாமே?"

ஆபீஸ்ல நண்பர்கள்கிட்ட சொன்னா உடனே வர்ற கேள்வி இது. நியாயமான கேள்வி. 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகர்ல முதல் உழவர் சந்தை திறந்தாங்க. பஞ்சாப்ல இருந்த அப்னி மண்டி, ஆந்திராவோட ரயத்து பஜார் மாதிரியான ஏற்பாடு. நடுவுல ஆள் கிடையாது, கடை வாடகை கிடையாது, தராசு அவங்களே குடுக்கறாங்க. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலயும் சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழயும் தினமும் விலை நிர்ணயிப்பாங்க. கோவையில ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம்னு இருக்கு. நல்ல திட்டம். நீங்க போகாம இருந்தா போய்ப் பாருங்க, விடிகாலையில போனாத்தான் நல்ல காய் கிடைக்கும்.

ஆனா அது யாருக்குப் பொருந்தும்? அரை ஏக்கர்ல நாலு வகைக் காய் போட்டு, தினம் அம்பது, அறுபது கிலோ பறிச்சு, வீட்டுல ஒருத்தர் காலையில நாலு மணி நேரம் உக்காந்து விக்க முடியும்னா பொருந்தும். எங்களுக்கு ஒரே நாள்ல 600 கிலோ. வீட்டுல அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். ஒருத்தர் சந்தைக்குப் போனா ஒருத்தர் தனியா தண்ணி கட்டணும், மாடு பார்க்கணும். அந்த வீட்டுல மூணாவதா இருந்த ஆள் சரவணம்பட்டியில உக்காந்து பாட்காஸ்ட் பேசிட்டு இருக்கு.

பெரிய கடைகளோட கொள்முதல் மையத்துக்கும் ஒரு தடவை போனோம். விலை மண்டியை விடக் கூட. ஆனா அளவு, நிறம் பார்த்து எடுத்துட்டு, பத்து பெட்டிக்கு நாலு பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. திருப்பின நாலு பெட்டியை மத்தியானம் எந்த மண்டியில விக்கிறது? ஏலம் விடிகாலையிலயே முடிஞ்சிருக்கும்.

பக்கத்து கேரளாவுல வேற மாதிரி ஒண்ணு பண்ணியிருக்காங்க. 2020 நவம்பர் 1ல இருந்து 16 வகை விளைபொருளுக்கு அடிப்படை விலை. உற்பத்திச் செலவு, அதுக்கு மேல 20 சதவீதம். தக்காளிக்கு அவங்க அறிவிச்சது கிலோவுக்கு எவ்வளவு தெரியுமா? 8 ரூபாய். அதே எட்டு. எட்டு ரூபாய்க்கு எங்களுக்கு மிஞ்சினது 320ன்னு பார்த்தோம். அதனால அடிப்படை விலை ஒண்ணே போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குக் கீழே போகாதுன்னு ஒரு எல்லை இருந்திருந்தா, அந்தக் கடைசி மூணு பறிப்பு மேல டிராக்டர் போயிருக்காது.

தண்ணி வந்தாச்சு

எங்க ஊருக்கு இந்தக் கேள்வி இப்ப ஏன் அவசரம்னா, தண்ணி வந்துடுச்சு.

அன்னூர் காஞ்ச ஊர். ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை எங்க ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். அத்திக்கடவு - அவிநாசி திட்டத்துக்காக மூணு தலைமுறை மனு குடுத்துச்சு. 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி திட்டம் தொடங்கினாங்க. 1,916 கோடி ரூபாய். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பவானித் தண்ணியை பம்ப் பண்ணி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத்துல 1,045 குளம் குட்டைக்கு விடறாங்க. எங்கப்பா குளத்துல தண்ணி நிக்கிறதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். அவர் அனுப்பின முதல் வீடியோ அது. பாதிக்கு மேல அவரோட கட்டைவிரல்தான் தெரியுது.

தண்ணி வந்தா என்ன ஆகும்? தரிசு போட்டவங்க திரும்ப வெள்ளாமை வெப்பாங்க. சீக்கிரம் காசு பார்க்கணும்னா காய்கறிதான். மூணு மாசத்துல கையில பணம். அப்ப எல்லாரும் ஒரே பயிரை ஒரே நேரத்துல போடற வாய்ப்பும் கூடுது. அறுபது வருஷம் போராடி வாங்கின தண்ணியை வெச்சு பெட்டி 80 ரூபாய்க்குத் தக்காளி விளைவிச்சா என்ன பிரயோஜனம்?

இந்த மண்ணுக்குப் போராட்டம் புதுசு இல்லை. வையம்பாளையத்துல பிறந்த நாராயணசாமி நாயுடு மின் கட்டண உயர்வுக்கு எதிரா விவசாயிகளைத் திரட்டினார். 1972ல கட்டை வண்டியெல்லாம் கோவைக்குள்ள வந்து ரோட்டை அடைச்சுது. இன்னிக்கு விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமா வருதுன்னா அதுக்குப் பின்னாடி அந்தப் போராட்டங்கள் இருக்கு. ஆனா கரண்டுக்கு ஒரு அலுவலகம் உண்டு, தண்ணிக்கு ஒரு துறை உண்டு. வண்டியை எங்க கொண்டு போய் நிறுத்தறதுன்னு தெரியும். தக்காளி விலைக்கு யார் வாசல்ல வண்டியை நிறுத்தறது?

விலை பழைய சேதி, நாத்து புதுச் சேதி

இப்ப அப்பாவோட கேள்விக்கு வர்றேன்.

முதல்ல நான் பண்ணினது, எனக்குத் தெரிஞ்ச வேலை. பழைய விலையெல்லாம் இறக்கி, எக்செல்ல போட்டு, கிராஃப் வரைஞ்சேன். விலை ஏறிட்டு இருந்தது. "போடலாம்"னு சொல்லத்தான் தோணுச்சு. அப்புறம்தான் உறைச்சது. 2023 ஜூலையில அப்பா பண்ணினதும் இதேதான். நான் கலர் கலரா பண்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னிக்கு விலை, மூணு மாசத்துக்கு முன்னாடி மத்தவங்க எடுத்த முடிவோட பலன். அது பழைய சேதி.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல விலை முன்னறிவிப்பு தர்றதுக்குன்னே ஒரு மையம் இருக்கு. ஒட்டன்சத்திரம் சந்தையோட பல வருஷ விலையை வெச்சு, விதைப்புக்கு முன்னாடி தக்காளி, கத்தரி, வெண்டைக்கு என்ன விலை கிடைக்கலாம்னு சொல்லுவாங்க. அதையும் பார்க்கணும், பார்த்தேன். ஆனா ஒரு முன்னறிவிப்பைப் படிச்சுட்டு எல்லாரும் அதையே போட்டா, அந்த முன்னறிவிப்பே பொய்யாகிடும். அது அவங்க தப்பு இல்லை.

மூணு மாசம் கழிச்சு என்ன வரப்போகுதுன்னு இன்னிக்கே தெரிஞ்ச ஆள் யார்? இதைத்தான் யோசிச்சேன். பதில் ரொம்பப் பக்கத்துல இருந்தது. நாத்துப் பண்ணைக்காரங்க. இப்ப யாரும் வீட்டுல நாத்து விடறதில்லை, குழித்தட்டு நாத்துதான் வாங்கறாங்க. யார் எத்தனை ஆயிரம் தக்காளி நாத்து கேட்டிருக்காங்கன்னு அவங்க நோட்டுல இருக்கு. மூணு மாசம் கழிச்சு மண்டிக்கு வரப்போற பெட்டி இன்னிக்கு அந்த நோட்டுல எழுதியிருக்கு.

நாலு பண்ணைக்குப் போன் பண்ணினேன். "ஏனுங்க, தக்காளி நாத்து பத்தாயிரம் வேணும், எப்பக் கிடைக்கும்?" மூணு பேர் ஒரே பதில்: "இருபது நாள் ஆகுமுங்க அம்மிணி, புக்கிங் எல்லாம் ஃபுல்." நாலாவது ஆள் சிரிச்சார். "எல்லாரும் தக்காளியே கேக்கறாங்க. கத்தரி தரட்டுங்களா?"

எனக்கு இதுக்கு மேல டேட்டா தேவைப்படலை.

இதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்னு ஆசை. நாலு போன்ல எனக்குக் கிடைச்சது ஒரு அரைகுறைப் படம். மாவட்டத்துல இருக்கிற எல்லா நாத்துப் பண்ணையும் வாரம் ஒரு தடவை, தக்காளி இவ்வளவு, மிளகாய் இவ்வளவுன்னு மொத்தக் கணக்கை மட்டும் சொன்னா, யார் பேரும் வேண்டாம், அதைத் தோட்டக்கலைத் துறை போன்ல ஒரு மெசேஜா அனுப்பினா, விவசாயி இருட்டுல முடிவு எடுக்க வேண்டியதில்லை. இதுக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பாதிப் பேர் இதை விடச் சிக்கலான ஆப்பை ஒரு வார லீவுல எழுதுவீங்க.

அப்பா என்ன சொன்னார்

வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினேன். நாத்துப் பண்ணைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப ஊரே போடுதுன்னு சொல்லு"ன்னார்.

"ஆமாங்ப்பா. ஒண்ணரை ஏக்கரும் போட வேண்டாம். அரை ஏக்கர் போடுங்க. அதையும் ரெண்டாப் பிரிச்சு, இருபது நாள் விட்டு நடுங்க. விலை எப்ப ஏறும், இறங்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு பாதி மாட்டினாலும் ஒரு பாதி தப்பிக்கும். மிச்ச ஒரு ஏக்கர்ல சின்ன வெங்காயம். அது விலை இல்லைன்னா பட்டறையில ரெண்டு மாசம் கிடக்கும்."

"வெங்காயமும் விழும் கண்ணு."

"விழுமுங்ப்பா. ஆனா காத்திருக்கும்ல."

"நாத்துக்காரன்கிட்டப் போய் விலை கேக்காம சரக்கு கேட்டியாக்கும்"னு சிரிச்சார். "பொழைச்சுக்குவே." அவர் வாயில இருந்து அது பெரிய சர்டிபிகேட்.

நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் தக்காளி போட்டு, நடுவுல ஒரு மழை அடிச்சு, பாதிச் செடி போய், விலை பெட்டி ஆயிரத்துக்கு ஏறலாம். அப்ப அப்பா என்னைத் திட்ட மாட்டார், ஆனா ஞாபகம் வெச்சுப்பார். மூணு மாசம் கழிச்சு சிட்டையோட வந்து இதே மைக்ல சொல்றேன், எப்படிப் போனாலும்.

உங்ககிட்ட "விவசாயியை வாழ வையுங்கள்"னு பெரிய வேண்டுகோள் எல்லாம் வெக்கப் போறதில்லை. ரெண்டே விஷயம். தக்காளி நூறைத் தாண்டினா உங்களுக்கே தெரிஞ்சுடும், நான் சொல்ல வேண்டியதில்லை. கடையில 20 ரூபாய்னு போர்டு பார்க்கிற அன்னிக்கு, ரெண்டு கிலோ கூட வாங்கித் தொக்கு போட்டு வையுங்க. அன்னிக்கு எங்கேயோ ஒரு காட்டுல பறிக்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுட்டு இருப்பாங்க. ரெண்டாவது, ராத்திரி சத்தி ரோட்டுல பெட்டி அடுக்கின டெம்போ மெதுவாப் போயிட்டு இருந்தா பின்னாடி ஹாரன் அடிக்காதீங்க. வேகமாப் போனா தக்காளி நசுங்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.